ஒரே வகுப்பு, வெவ்வேறு பலன்: முதியோர் நினைவுப் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

60 வயதைக் கடந்தவர்களுக்காக வாரம் ஒருமுறை நினைவுப் பயிற்சி வகுப்பு நடத்தி வருகிறோம். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை வகுப்பு முடிந்து, வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கப்பட்டவை. சில, பெற்றோரை அழைத்துப்போக வந்த பிள்ளைகள் கேட்டவை. ஒரே ஐயம் வெவ்வேறு வாய்களிலிருந்து திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

வயசான பிறகு பயிற்சி எடுத்தால் ஞாபகசக்தி உண்மையிலேயே கூடுமா?

கூடும். எவ்வளவு கூடும் என்பதில்தான் நிதானம் வேண்டும். பால் வெர்ஹாகனும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை 1992-இல் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற முதியவர்கள் தங்கள் பழைய நிலையிலிருந்து 0.73 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேறியிருந்தார்கள். ஆனால், எந்தப் பயிற்சியும் இல்லாமல் அதே தேர்வை இரண்டு முறை எழுதியவர்களும் 0.38 திட்டவிலக்கம் முன்னேறியிருந்தார்கள். அதாவது, கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றத்தில் ஏறக்குறைய பாதி, தேர்வு பழகிப்போனதால் வந்தது. 2012-இல் ஆல்டன் கிராஸ் குழுவினர் 35 ஆய்வுகளைத் தொகுத்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே சராசரியாக 0.31 திட்டவிலக்கம் வித்தியாசம் இருந்தது.

இந்த எண்ணை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: 100 பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் 50-ஆவதாக நிற்பவர் பயிற்சிக்குப் பின் ஏறக்குறைய 38-ஆவது இடத்துக்கு நகர்வார். இது சிறிய பலன்தான், ஆனால் உண்மையான பலன். இதெல்லாம் சராசரிக் கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. சராசரிக்குப் பின்னால் நிறையப் பெற்றவரும் இருக்கிறார், ஒன்றுமே பெறாதவரும் இருக்கிறார். இந்தத் தொகுப்பு முழுவதும் அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

நினைவுப் பயிற்சி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. முதலாவது உத்திப் பயிற்சி: பொருள்களை வகைபிரித்து மனத்தில் வைப்பது, பெயரை முகத்தின் ஓர் அடையாளத்தோடு சேர்ப்பது, தெரிந்த இடங்களில் பொருள்களை மனத்தால் வைத்து எடுப்பது போன்றவை. இரண்டாவது, எந்த உத்தியும் சொல்லித்தராமல் ஒரே வகை வேலையை மேலும் மேலும் கடினமாக்கிச் செய்ய வைக்கும் பழக்கப் பயிற்சி. கணினித் திரையில் வரும் எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வது அப்படிப்பட்டது. இரண்டையும் பிரித்தறிவது முக்கியம் என்பது பின்னால் வரும் பதில்களில் விளங்கும்.

இட உத்தியை எங்கள் வகுப்பில் ஓர் அம்மையார் செய்துகாட்டிய விதம் இது. 74 வயதான அவர் தாம் பிறந்த வீட்டை மனத்தில் எடுத்துக்கொண்டார். திண்ணையில் தேங்காய் உருண்டு கிடக்கிறது. ரேழியின் மாடக்குழியில் அகல்விளக்குக்குப் பதிலாகப் பற்பசை நிற்கிறது. முற்றத்துத் தொட்டியில் உளுந்து ஊறுகிறது. ஊஞ்சல் பலகையில் மின்கட்டண அட்டை உட்கார்ந்து ஆடுகிறது. கடைக்குப் போன அவர் கண்ணை ஒரு கணம் மூடி வாசலிலிருந்து கொல்லை வரை நடந்து, 12 பொருள்களையும் சீட்டு இல்லாமல் வாங்கிவந்தார். பழைய வீடு இடிக்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவருடைய மனத்தில் அதன் ஓட்டுக்கூரைகூடக் கலையவில்லை.

என் ஓரகத்தியும் நானும் ஒன்றாகத்தான் வந்தோம். அவருக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை? நான் சரியாக முயலவில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்ட யாரும் முயலாதவராக இருந்ததில்லை. முதலில் ஒரு பெரிய ஆய்வின் முடிவைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆறு இடங்களில், 65 முதல் 94 வயது வரையிலான 2,832 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட ‘ஆக்டிவ்’ என்னும் ஆய்வின் முதல் முடிவுகள் 2002-இல் வெளிவந்தன. ஒரு பிரிவினருக்கு நினைவு உத்திகளும், இன்னொரு பிரிவினருக்குத் தர்க்கமும், மூன்றாம் பிரிவினருக்குக் கண்ணால் கண்டதை விரைந்து அறியும் வேகமும் பத்து அமர்வுகளில் பயிற்றுவிக்கப்பட்டன. நான்காம் பிரிவினருக்குப் பயிற்சி எதுவும் இல்லை. பயிற்சி முடிந்த உடனே பார்த்தபோது, தாங்கள் பயின்ற திறனில் நம்பத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் வேகப் பயிற்சியில் 87 விழுக்காடு, தர்க்கப் பயிற்சியில் 74 விழுக்காடு, நினைவுப் பயிற்சியில் 26 விழுக்காடு மட்டுமே. மூன்றிலும் நினைவுப் பயிற்சிதான் மிகக் குறைவானவர்களுக்குப் பலன் தந்தது. உங்கள் ஓரகத்தி அந்த 26-இல் ஒருவர் என்றால், நீங்கள் பெரும்பான்மையில் இருக்கிறீர்கள்.

காரணம், உத்தி என்பது தானாக வேலை செய்வதில்லை. சொல்லைக் கேட்டதும் ஒரு காட்சியை உருவாக்க வேண்டும், அதை ஓர் இடத்தோடு பிணைக்க வேண்டும், அந்த இடம் அடுத்து எது என்பதையும் மறக்காமல் இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே சமயத்தில் கையில் பிடித்துக்கொள்ளும் திறன் ஆளுக்கு ஆள் வேறு. சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் நைபெர்க் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இட உத்தியைக் கற்பித்து, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் மூலம் பார்த்தார்கள். அந்த உத்தியால் பயனடைந்த முதியவர்களின் மூளையின் பின்பகுதியில், காட்சியையும் இடத்தையும் கையாளும் பரப்புகளில், செயல்பாடு கூடியிருந்தது. பயனடையாத முதியவர்களிடம் அந்தக் கூடுதல் தென்படவில்லை. விருப்பமின்மையைக் குற்றஞ்சாட்ட இதில் இடமே இல்லை.

அப்படியானால் ஏற்கெனவே ஞாபகசக்தி நன்றாக உள்ளவர்களுக்குத்தான் இது உதவுமா? உள்ளவர்க்கே மேலும் கிடைப்பது என்ன நியாயம்?

ஓரளவுக்கு அப்படித்தான், ஆனால் பயிற்சியின் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. மார்ட்டின் லூவ்டெனும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. புதிய உத்தியை முதலில் சொல்லிக்கொடுத்தபோது மனிதர்களுக்கிடையிலான இடைவெளி சுருங்கியது. பின்தங்கியிருந்தவர்களின் குறையை உத்தி ஓரளவு ஈடுகட்டியது. அதற்குப் பிறகு அதே உத்தியைத் தொடர்ந்து பழகியபோது, திறன் அதிகமுள்ளவர்கள் மேலும் முன்னேறி அந்த இடைவெளி விரிந்தது.

வகுப்பு நடத்துகிறவர்கள் இதிலிருந்து பாடம் கற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஓர் உத்தியை இரண்டு வாரம் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும் வகுப்பு, முதல் வரிசையில் இருப்பவர்களுக்காக மட்டும் நடக்கும் வகுப்பு. கற்க நேரமெடுப்பவருக்கு ஒரே உத்தியில் நின்று, கூடுதல் வாரங்கள் சொல்லிக்கொடுத்தால், அவருக்கும் முதல் கட்டத்தின் பலன் முழுதாகக் கிடைக்க வழி பிறக்கிறது.

எனக்கு 82 வயது. எனக்கெல்லாம் நேரம் கடந்துவிட்டதோ?

கடக்கவில்லை. ஆனால் வயதுக்கும் பலனுக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பெர்லின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ரெயின்ஹோல்ட் கிளீகலும் பால் பால்ட்டஸும் முதியவர்களுக்கும் இளைஞர்களுக்கும் இட உத்தியைக் கற்பித்து, எல்லை எதுவோ அதுவரை பழக்கிப் பார்த்தார்கள். முதியவர்கள் தாங்களே நம்ப முடியாத அளவுக்கு நீண்ட சொற்பட்டியல்களை வரிசை மாறாமல் சொன்னார்கள். ஆயினும், இளைஞர்கள் அதைவிட அதிகமாக முன்னேறியதால் இருவருக்குமான இடைவெளி கூடிற்று. 1992-இல் வெளியான ஆய்வில், 38 அமர்வுகளுக்குப் பிறகும் அது மூடவில்லை.

முதியவர்களுக்குள்ளேயே வயது எவ்வளவு முக்கியம் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. முதல் பதிலில் சொன்ன 1992 தொகுப்பில் வயது குறைந்த முதியவர்கள் அதிகம் பெற்றார்கள்; 2012 தொகுப்பில் பங்கேற்றவர்களின் சராசரி வயது பலனை மாற்றவில்லை. என் வகுப்பில் நான் காண்பது, வயதைவிட அவசரம்தான் பெரிய தடை என்பது. ஒரு சொல்லுக்கு நான்கு நொடி கொடுத்தால் திணறுகிறவர், பத்து நொடி கொடுத்தால் காட்சியைக் கட்டிவிடுகிறார். உங்களுக்கு வேண்டிய நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுதப் படிக்கத் தடுமாறும் எனக்கு இந்த வகுப்பு ஒத்துவருமா?

ஒத்துவரும்படி வகுப்புதான் மாற வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு உள்ளவர்களை வைத்து, அச்சிட்ட சொற்பட்டியல்களைக் கொண்டு நடந்தவை. பள்ளியில் பல ஆண்டு இருந்தவருக்குப் பட்டியலை மனப்பாடம் செய்வதும் தேர்வு எழுதுவதும் பழகிய வேலை. படிக்காதவருக்கு அவை இரண்டும் புதியவை. ஆகவே அங்கே குறையும் மதிப்பெண்ணில் நினைவின் குறை எவ்வளவு, தேர்வின் அந்நியத்தன்மை எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

காதால் கேட்டு நினைவில் வைப்பது நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் கலை. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லோ அசையோ அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதியில், நூறு பாட்டும் ஒரே சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. ஒன்று வந்தால் அடுத்தது தானே வந்து நிற்கும். எழுத்து தெரியாமலே அந்தாதிப் பாடல்களை முழுதும் சொல்லும் பெண்கள் எங்கள் வகுப்பில் உண்டு. அவர்களுக்கு நாங்கள் இட உத்தியைத் திணிப்பதில்லை; வாங்க வேண்டிய பொருள்களையே ஒன்றன் கடைசி ஓசையில் அடுத்ததைத் தொடுத்துப் பாட்டாக்கச் சொல்கிறோம்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவருக்கு வீட்டு அறைகளை வைத்துச் செய்த உத்தி ஆறு வாரமாகியும் பிடிபடவில்லை. ஒருநாள் தாம் 20 ஆண்டுக்கு மேல் சீட்டுக் கொடுத்த வழித்தடத்தின் நிறுத்தங்களை எடுத்துக்கொள்ளலாமா என்று அவரே கேட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பொருளை ஏற்றினார். அன்று அவர் 19 பொருள்களை வரிசையாக இறக்கினார். உத்தி அதுதான், இடம்தான் அவருடையதாக மாறியிருந்தது.

அம்மாவுக்குச் சொன்னதையே திரும்பச் சொல்லும் அளவுக்கு மறதி வந்துவிட்டது. உங்கள் வகுப்பில் சேர்க்கலாமா?

முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், சில தூக்க மாத்திரைகள், சில ஒவ்வாமை மருந்துகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். உறவினர் தரும் மாத்திரை உட்பட அம்மா விழுங்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நாள் கணக்கில் திடீரெனக் குழப்பம் கூடினால் வகுப்பைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உத்தி வகுப்பு இந்த நிலையில் பெரும்பாலும் உதவுவதில்லை. ஆக்டிவ் ஆய்வில் தொடக்கத்திலேயே நினைவுக் குறைபாடு இருந்தவர்களைத் தனியே பார்த்த 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையில், அவர்கள் நினைவுப் பயிற்சியால் பலன் பெறவில்லை; ஆனால் தர்க்கப் பயிற்சியிலும் வேகப் பயிற்சியிலும் மற்றவர்களைப் போலவே முன்னேறினார்கள். இதை நான் முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். ஒருவருக்கு ஒரு கதவு மூடியிருப்பதால் எல்லாக் கதவும் மூடிவிட்டதாக முடிவுகட்டக் கூடாது.

அம்மாவுக்கு ஏற்றது இன்னொரு முறை. பேரனின் பெயர் போன்ற ஒரே ஒரு செய்தியைச் சொல்லி, சில நொடியில் கேட்டு, பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே கேட்பது. தவறினால் உடனே சரியான விடையைச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். ஊகிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. தவறான ஊகமே மனத்தில் பதிந்துவிடும்.

எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதுவும் ஒரு காரணமாக இருக்குமா?

இருக்கும். பாதி கேட்ட சொல்லை ஊகித்து நிரப்புவதற்கே மனத்தின் உழைப்பு செலவாகிவிட்டால், அதை நினைவில் பதிக்க எதுவும் மிஞ்சாது. 2023-இல் வெளியான அமெரிக்காவின் ‘அச்சீவ்’ ஆய்வில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரையும் ஒன்றாகப் பார்த்தபோது காது கருவியால் அறிவாற்றலில் வித்தியாசம் இல்லை. ஆனால் சரிவுக்கான ஆபத்து அதிகமிருந்த பிரிவில் மூன்றாண்டுகளில் சரிவு 48 விழுக்காடு குறைந்தது. இங்கும் பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. கண்புரை இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வகுப்புக்கு வாருங்கள்.

‘எனக்கெல்லாம் வராது’ என்ற எண்ணமே தடையாகுமா?

ஆகும், ஓரளவுக்கு. தன் நினைவின் மேல் நம்பிக்கையிழந்தவர் உத்தியைப் பயன்படுத்திப் பார்ப்பதையே கைவிட்டுவிடுகிறார். பதற்றமும் அப்படியே. ஸ்டான்ஃபோர்டில் ஜெரோம் யெசவேஜ் குழுவினர், உத்தியைக் கற்பிப்பதற்கு முன் முதியவர்களுக்குத் தசைகளைத் தளர்த்தவும் காட்சிகளை மனத்தில் கட்டவும் பழக்கினார்கள். இவ்வகை முன்பயிற்சி தரப்பட்ட ஆய்வுகளில் பலன் அதிகம் என்பதை 1992 தொகுப்பும் காட்டியது. அதே தொகுப்பில் குழுவாகப் பயின்றதும், அமர்வு குறுகியதாக இருந்ததும் பலனைக் கூட்டின.

அதற்காக, நம்பிக்கை இருந்தால் எல்லாம் வரும் என்று சொல்லி யாரையும் வகுப்பிலிருந்து அனுப்ப நான் விரும்பவில்லை. நம்பிக்கையோடு முயன்றும் வராதவர்கள் மூன்றாம் கேள்விக்குச் சொன்ன பதிலை மறுபடி படிக்க வேண்டும்.

வகுப்பு முடிந்து ஆறு மாதத்தில் எல்லாம் போய்விட்டது. நிலைக்கவே நிலைக்காதா?

ஆக்டிவ் ஆய்வில் நினைவுப் பயிற்சியின் பலன் ஐந்தாண்டு வரை சராசரியில் தெரிந்தது. பத்தாண்டு முடிவில் மறைந்துவிட்டது. தர்க்கமும் வேகமும் பத்தாண்டுக்குப் பின்னும் நின்றன. இருந்தாலும், அன்றாட வேலைகளில் சிரமம் குறைவு என்று மூன்று பிரிவினருமே அப்போது தெரிவித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆறு மாதத்தில் போனது என்றால், பெரும்பாலும் உத்தி மறந்திருக்காது, அதைப் பயன்படுத்துவது நின்றிருக்கும். வகுப்பில் 15 சொற்களுக்குப் பயன்படுத்தியதை வீட்டில் மருந்துச் சீட்டுக்கோ, உறவினர் வீட்டுக் கல்யாணத் தேதிக்கோ பயன்படுத்திப் பழகியவர்களிடம் அது தங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மகன் செல்போனில் ஒரு மூளைப் பயிற்சி செயலி போட்டுத் தந்திருக்கிறான். அது போதாதா?

அந்த விளையாட்டில் நீங்கள் முன்னேறுவீர்கள், அதில் ஐயமில்லை. அந்த முன்னேற்றம் சாவியை வைத்த இடத்துக்கும் சந்தித்தவர் பெயருக்கும் பரவுமா என்பதே கேள்வி. டேனியல் சைமன்ஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2016-இல் இந்தச் செயலிகளுக்கு ஆதரவாகக் காட்டப்பட்ட ஆய்வுகளை விரிவாக அலசி, பழகிய வேலையில் முன்னேற்றம் உறுதி, அதையொத்த வேலைகளில் சான்று குறைவு, அன்றாட வாழ்க்கையில் மிகக் குறைவு என்று முடிவுசெய்தார்கள். அதே ஆண்டு, லுமோசிட்டி செயலியின் நிறுவனம் மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த குற்றச்சாட்டு 20 லட்சம் டாலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது.

டெக்சாஸில் டெனிஸ் பார்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. 60 முதல் 90 வயதினர் மூன்று மாதங்கள், வாரத்துக்குச் சராசரியாக 16 மணி நேரத்துக்கு மேல், டிஜிட்டல் புகைப்படக் கலையையோ துணிகளை ஒட்டிப் போர்வை தைப்பதையோ புதிதாகக் கற்றார்கள்; அவர்களின் நினைவு மேம்பட்டது. மகன் தந்த செயலி பிடித்திருந்தால் விளையாடுங்கள், ஆனால் அதற்காக மாதச் சந்தா கட்ட வேண்டாம்.

இதெல்லாம் மறதிநோய் வராமல் தடுக்குமா?

நினைவு உத்திகள் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஆக்டிவ் ஆய்வில் பங்கேற்றவர்களைப் பத்தாண்டு தொடர்ந்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரையில், வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் மறதிநோய் ஆபத்து 29 விழுக்காடு குறைந்திருந்தது. நினைவுப் பயிற்சி பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, நடை, காது, உறவுகள் ஆகியவற்றைக் கவனிப்பது இந்த வகுப்பைவிட முக்கியமானது.

பயிற்சிக்கு முன் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களே அதிகம் முன்னேறினார்கள் என்று படித்தேன். நீங்கள் நான்காம் பதிலில், பழகப் பழகத் திறனுள்ளவர்களே மேலும் முன்னேறுவதாகச் சொல்கிறீர்களே?

கூர்ந்து படித்திருக்கிறீர்கள். ஒரு பகுதி விடை அந்தப் பதிலிலேயே இருக்கிறது: நீங்கள் படித்தது உத்தியை முதலில் சொல்லிக்கொடுக்கும் கட்டத்தைப் பற்றியதாக இருக்கலாம். இன்னொரு பகுதி, கணக்கின் கண்ணாமூச்சி. தூக்கமில்லாமல் வந்த அன்று ஒருவர் 20-க்கு 6 எடுக்கிறார். அவருடைய இயல்பான அளவு 9. பயிற்சியே கொடுக்காமல் அடுத்த மாதம் கேட்டாலும் 9-க்குத் திரும்பிவிடுவார். அதேபோல் நல்ல நாளில் 15 எடுத்தவர் 12-க்கு இறங்குவார். முதல் நாள் மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பிரித்தால், கீழே இருந்தவர்கள் எல்லோரும் முன்னேறியது போலவும் மேலே இருந்தவர்கள் தேங்கியது போலவும் தோன்றும். தேர்வு எளிதாக இருந்து, மேலே இருந்தவர் முன்பே 20-க்கு 19 எடுத்திருந்தால், அவர் முன்னேறவும் இடமில்லை. பயிற்சி பெறாத குழுவிலும் அதே வடிவம் தெரிகிறதா என்று பார்த்த கட்டுரையை மட்டும் நம்புங்கள்.

எனக்குப் பலன் தருகிறதா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே சொன்ன தவறைச் செய்யாமல் அளந்தால் போதும். ஒரு பட்டியலில் எத்தனை சொற்கள் நினைவிருக்கின்றன என்பதைப் பயிற்சிக்கு முன் ஒரே நாள் அளக்காமல், வெவ்வேறு நாள்களில் நான்கைந்து முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலைப் பிள்ளைகளை விட்டு மாற்றி எழுதச் சொல்லுங்கள். அதோடு, உங்களை உண்மையில் வருத்தும் மறதிகள் இரண்டைத் தேர்ந்தெடுத்து நாள்காட்டியில் புள்ளி வையுங்கள்: மாத்திரை தவறிய நாள், அடுப்பை அணைக்க மறந்த நாள். எட்டு வாரம் கழித்து நாள்காட்டியைப் பாருங்கள்.

மதிப்பெண் ஏறி, புள்ளிகள் குறையவில்லையானால், உத்தி இன்னும் வீட்டுக்குள் வரவில்லை என்று பொருள். இரண்டுமே மாறவில்லையானால் வேறு உத்தியையோ வேறு வகைப் பயிற்சியையோ பார்க்கலாம்.

அப்பா ‘போதும், இனி வரமாட்டேன்’ என்கிறார். வற்புறுத்தலாமா?

வேண்டாம். நான்கு மாதம் முயன்றும் எந்த உத்தியும் பிடிபடாத ஒரு பெரியவர் எங்களிடமிருந்து விடைபெற்றபோது, அவர் மகளிடம் மூன்று பொருள்கள் வாங்கச் சொன்னேன்: நாள்வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி, சட்டைப்பைக்குள் அடங்கும் குறிப்பேடு, வாசல் நிலையருகே அடிக்க ஓர் ஆணி. சாவி இப்போது அந்த ஆணியில் தொங்குகிறது. பூங்காவில் அவர் தம் நண்பர்களோடு உட்கார்ந்து பேசும் நேரம் முன்பைவிட நீண்டிருக்கிறது.